புவியியல் கல்வியும் தொழில் நோக்கங்களும்

புவியியல் கல்வி என்பது புவியின் மேற்பரப்பு, அதன் இயற்கை அமைப்புகள், அதில் வாழும் மக்கள், இவற்றுக்கிடையே உள்ள தொடர்புகள் ஆகியவற்றைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் முறையாகக் கற்பதைக் குறிக்கும். மாணவர்கள் உயர்கல்வியில் புவியியலைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணங்களையும், அப்படிப்பின் வழியாக அவர்கள் அடைய விரும்பும் தொழில்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது. இந்தியாவும், சிறப்பாகத் தமிழ்நாடும் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இலங்கை, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் நிலை ஒப்பீட்டுக்காகச் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

புவியியல் ஒரே வேளையில் இயற்கை அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் விளங்குகின்றது. மாணவர்கள் பலரை இத்துறைக்கு ஈர்ப்பது இந்த இரட்டைத் தன்மையே ஆகும். படிப்பை முடித்து வேலை தேடும்போது அவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதே தன்மை காரணமாக அமைகின்றது.

பெயரும் பொருளும்

புவியியலைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல் புவி, எழுதுதல் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோசுத்தெனீசு இச்சொல்லை முதன்முதலில் பயன்படுத்தியவராகக் கருதப்படுகின்றார். தமிழில் முன்னர் பூகோளம், பூகோள சாத்திரம் என வழங்கிய இத்துறை, தற்போது புவியியல் என்றே பரவலாக அழைக்கப்படுகின்றது.

புவியியலும் நிலவியலும் வேறு வேறு துறைகள் ஆகும். நிலவியல் பாறைகள், கனிமங்கள், புவியின் உள்ளமைப்பு, அதன் நீண்ட வரலாறு ஆகியவற்றை ஆராய்கின்றது. இலங்கையில் இத்துறை புவிச்சரிதவியல் எனப்படுகின்றது. புவியியல் இடங்களையும் அவற்றின் வேறுபாடுகளையும், மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவையும் ஆராய்கின்றது. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கல்லூரியில் சேர்வது பின்னர் ஏமாற்றத்துக்கு இடமளிக்கும். கீழே காட்டப்படுவது போல, இவ்வேறுபாடு வேலைவாய்ப்பிலும் பெரும் விளைவை உண்டாக்குகின்றது.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் நவீன நில அளவை முயற்சிகள் புவியியல் கல்விக்கு முன்பே தொடங்கிவிட்டன. இந்திய நில அளவைத் துறை 1767-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சென்னையில் 1794-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு ஒன்றை அளந்து, பின்னர் மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற பணியைத் தொடங்கினார்.

பல்கலைக்கழகப் பாடம் என்ற வகையில் புவியியல் இந்தியாவில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இடம்பெற்றது. அலிகார் முசுலிம் பல்கலைக்கழகம் இப்பாடத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்றாகும். சென்னையில் 1926-ஆம் ஆண்டில் சென்னைப் புவியியல் சங்கம் தோன்றியது. இதுவே பின்னர் இந்தியப் புவியியல் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இக்கழகம் வெளியிட்டு வரும் ஆய்விதழ் இந்தியாவின் பழமையான புவியியல் இதழ்களுள் ஒன்றாகும்.

விடுதலைக்குப் பின் 1956-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் தேசிய நிலப்படத் தொகுப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய புவியியலாளர் எசு. பி. சட்டர்சி, 1964 முதல் 1968 வரை அனைத்துலகப் புவியியல் ஒன்றியத்தின் தலைவராக விளங்கினார். 1968-ஆம் ஆண்டில் அனைத்துலகப் புவியியல் பேராயம் புதுதில்லியில் நடைபெற்றது.

தேராதூனில் 1966-ஆம் ஆண்டில் வான்படங்களைப் படித்தறியும் பயிற்சிக்கென நிறுவப்பட்ட நிறுவனம், தற்போது இந்தியத் தொலையுணர்வு நிறுவனமாக இயங்குகின்றது. 1974-ஆம் ஆண்டில் தேசியத் தொலையுணர்வு முகமை ஏற்பட்டது. 1988-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் ஐ.ஆர்.எசு-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் பின்னர் இந்திய நிலப்பரப்பைக் காட்டும் படிமங்கள் உள்நாட்டிலேயே தொடர்ந்து கிடைக்கத் தொடங்கின. வரைபலகையையும் மையையும் சார்ந்திருந்த புவியியல் படிப்பு கணினியை நோக்கி நகர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

பள்ளிக் கல்வியில் புவியியல்

தமிழ்நாட்டில் 10-ஆம் வகுப்பு வரை புவியியல் தனிப்பாடமாக இல்லாமல் சமூக அறிவியலின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகின்றது. வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவை அதன் ஏனைய பகுதிகளாகும். இவ்வேற்பாட்டின் காரணமாக, வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஆசிரியரே புவியியலையும் கற்பிக்கும் நிலை பல பள்ளிகளில் உள்ளது. புவியியல் பயின்ற ஆசிரியர் வரலாறு கற்பிக்கும் நிலையும் உண்டு.

மேல்நிலை வகுப்புகளில் புவியியல் விருப்பப் பாடமாகும். செய்முறைப் பகுதியும் இதற்கு உண்டு. ஆயினும் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் இப்பாடம் இல்லை. எனவே 10-ஆம் வகுப்பில் புவியியலை விரும்பிப் படித்த மாணவர் ஒருவர், அடுத்த இரு ஆண்டுகள் அதனைக் கற்கும் வாய்ப்பின்றி வேறு பாடப்பிரிவில் சேர நேர்கின்றது. பள்ளியில் புவியியலைத் தனிப்பாடமாகக் கற்காதவர்களும் இளங்கலைப் புவியியலில் சேர்வது வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். இதனால் முதலாண்டு வகுப்பில் கலைப்பிரிவு, வணிகப்பிரிவு, அறிவியற்பிரிவு மாணவர்கள் ஒன்றாக அமர்கின்றனர்.

தேர்ந்தெடுக்கும் காரணங்கள்

மாணவர்கள் புவியியலைத் தேர்ந்தெடுப்பதற்குப் பல காரணங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒரே மாணவரிடம் இவற்றுள் இரண்டு அல்லது மூன்று சேர்ந்தே காணப்படும்.

* ஆசிரியரின் தாக்கம்: நிலப்படத்தைக் கொண்டும் ஊரின் ஏரி, குன்று, மண் ஆகியவற்றைக் கொண்டும் பாடம் நடத்திய பள்ளி ஆசிரியர் ஒருவரே, பலருக்கு இத்துறையின் முதல் அறிமுகமாக அமைகின்றார்.

* இடங்களின் மீதான ஆர்வம்: மலை, கடற்கரை, பாலைவனம், பிற நாடுகள், பயணம் ஆகியவற்றில் உள்ள ஈடுபாடு மற்றொரு காரணமாகும். சங்க இலக்கியத்தைப் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் ஐந்திணைப் பாகுபாடு முன்பே அறிமுகமானது. நிலம், காலநிலை, தொழில், வாழ்க்கை ஆகியவற்றைத் தொடர்புபடுத்திக் காணும் பார்வை அவர்களுக்குப் புதிதன்று.

* இயற்கையையும் சமூகத்தையும் சேர்த்துக் கற்றல்: ஒரே சிக்கலைப் பல கோணங்களிலிருந்து காண விரும்புவோர் புவியியலை நாடுகின்றனர். காவிரி நீர்ப் பங்கீடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆற்றின் மேற்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும், கழிமுகப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையும் முதன்மையாக நீர் தருகின்றன. இந்த இயற்கை வேறுபாட்டை அறியாமல் 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் பயனையோ, 2007-ஆம் ஆண்டின் நடுவர் மன்றத் தீர்ப்பையோ, 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையோ முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

* பேரிடர்களின் பாதிப்பு: 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை, 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளம் போன்ற நிகழ்வுகள் நிலத்தின் உயரம், வடிகால், கடற்கரையின் அமைப்பு ஆகியவை உயிர்காக்கும் செய்திகள் என்பதைப் பொதுமக்களுக்கும் உணர்த்தின. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நீர் புகுந்து, மறுவீட்டில் புகாதிருந்தது ஏன் என்ற கேள்வி புவியியலுக்குரிய கேள்வியே ஆகும்.

* போட்டித் தேர்வுகள்: குடிமைப்பணித் தேர்வுகளில் புவியியலுக்குள்ள இடம், இப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான வலுவான காரணங்களுள் ஒன்றாகும்.

* கணினி சார்ந்த புதிய கருவிகள்: 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஓப்பன்சிட்ரீட்மேப், 2005-ஆம் ஆண்டில் வெளியான கூகுள் எர்த், 2009-ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட புவன் ஆகியவை நிலப்படங்களை அனைவரின் கைக்கும் கொண்டுவந்தன. செயற்கைக்கோள் படிமங்களைக் கையாளும் தொழில்நுட்பத்தை விரும்பி வரும் மாணவர்களும் உள்ளனர்.

* இடம் கிடைத்தமை: விரும்பிய வேறு படிப்பில் இடம் கிடைக்காமையால் புவியியலில் சேர்வோரும் உண்டு. இத்தகையோர் இப்பாடத்தில் ஆர்வமற்றவர்களாகவே இருப்பர் எனக் கூற முடியாது. முதலாண்டுக் களப்பயணத்துக்குப் பின்னர் துறையை விரும்பத் தொடங்குவோரும் இவர்களுள் அடங்குவர்.

பாடத்திட்டம்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் புவியியல் பொதுவாக மூன்று பெரும்பகுதிகளைக் கொண்டது. புவிப்புறவியல், காலநிலையியல், பேராழியியல் முதலியவை இயற்கைப் புவியியலில் அடங்கும். மக்கள்தொகை, குடியிருப்புகள், வேளாண்மை, தொழிலகங்கள், போக்குவரத்து முதலியவை மானிடப் புவியியலில் அடங்கும். நிலப்படவியல், நில அளவை, புள்ளியியல், தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை ஆகியவை செய்முறைப் பகுதியைச் சார்ந்தவை.

நில அளவைத் துறையின் தலப்படங்களைப் படித்தறிதல் இச்செய்முறைப் பகுதியின் அடிப்படையாகும். 1:50,000 அளவையில் அமைந்த தலப்படத்தில் ஒரு சென்ட்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டரைக் குறிக்கும். சம உயரக்கோடுகள் பழுப்பு நிறத்திலும், நீர்நிலைகள் நீல நிறத்திலும், காடுகள் பச்சை நிறத்திலும், பயிர்நிலங்கள் மஞ்சள் நிறத்திலும், குடியிருப்புகள் சிவப்பு நிறத்திலும் காட்டப்படுகின்றன. நெருங்கி அமைந்த சம உயரக்கோடுகள் செங்குத்தான சரிவையும், விலகி அமைந்தவை மென்சரிவையும் உணர்த்துகின்றன.

களப்பணி புவியியல் கல்வியின் இன்றியமையாத பகுதியாகும். மாணவர்கள் ஓர் ஊருக்கோ ஆற்றுப்படுகைக்கோ சென்று அளவெடுத்தும், மக்களிடம் வினாக்கள் கேட்டும் அறிக்கை தயாரிக்கின்றனர். புத்தகத்தில் கற்ற வகைப்பாடுகள் நிலத்தில் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடப்பதில்லை என்பதை மாணவர்கள் இங்குதான் அறிகின்றனர். பயணச் செலவும் வெளியூரில் தங்க வேண்டிய தேவையும் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு இடையூறாக அமைவதுண்டு.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் துறைகள் உள்ளன. கல்லூரிகளுள் சென்னை மாநிலக் கல்லூரி, இராணி மேரிக் கல்லூரி முதலியன குறிப்பிடத்தக்கவை. இராணி மேரிக் கல்லூரி மகளிர் கல்லூரியாதலால், பெண்கள் பலர் இத்துறைக்கு வருவதற்கு வழியமைத்த நிறுவனங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

தொழில் நோக்கங்கள்

புவியியல் மாணவர்கள் விரும்பும் தொழில்களைத் தகுதி விதிகளின் அடிப்படையில் ஐந்து வகையாகப் பிரித்துக் காணலாம். எந்தத் தொழில் எந்த வகையைச் சார்ந்தது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல், படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு மிகவும் பயன்தரும்.

1. எப்பட்டமும் போதுமான பணிகள்

ஒன்றியத் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வை எழுத ஏதேனும் ஒரு பட்டம் போதுமானது. எனவே புவியியல் பட்டம் இதற்குத் தேவையன்று. ஆயினும் முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளிலும், முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளிலும் இந்திய, உலகப் புவியியல் இடம்பெறுகின்றது. இவை தவிர, முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களுள் புவியியலும் ஒன்றாகும். விருப்பப் பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரு தாள்கள் உள்ளன. தரவரிசைக்குக் கணக்கிடப்படும் எழுத்துத் தேர்வின் மொத்த மதிப்பெண் 1750 ஆகும். நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண் உண்டு.

2010-ஆம் ஆண்டு வரை முதல்நிலைத் தேர்விலும் விருப்பப் பாடம் இருந்தது. 2011-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு முதல் முதன்மைத் தேர்விலும் இரண்டு விருப்பப் பாடங்களுக்குப் பதிலாக ஒன்றே போதும் என்ற நிலை ஏற்பட்டது. விருப்பப் பாடமாகப் புவியியலை எடுப்பதற்கு அதில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை என்பதால், பொறியியல் பட்டதாரிகளும் இப்பாடத்தை எடுக்கின்றனர். ஆகவே புவியியல் பட்டதாரிக்கு இங்கு உள்ள நன்மை முன்னறிவே தவிர, தனிச் சலுகை அன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

2. புவியியல் பட்டத்தைக் கோரும் பணிகள்

இவ்வகையில் ஆசிரியப் பணி முதன்மையானது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் புவியியல் பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் ஆகிய பணியிடங்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக நிரப்பப்படுகின்றன. இவற்றுக்குக் கல்வியியல் பட்டமும் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டத்துடன் தேசியத் தகுதித் தேர்வு, மாநிலத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் தேவைப்படுகின்றது.

தேசிய நிலப்படத் தொகுப்பு அமைப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரகத்தின் நிலப்படப் பிரிவு ஆகியவற்றிலும் புவியியலாளர்களுக்கெனப் பணியிடங்கள் உள்ளன. ஆனால் இவற்றின் எண்ணிக்கை குறைவு. அறிவிக்கைகளும் ஆண்டுதோறும் வெளிவருவதில்லை.

3. திறனை அடிப்படையாகக் கொண்ட பணிகள்

புவியியல் தகவல் முறைமை, தொலையுணர்வு ஆகியவற்றைச் சார்ந்த தனியார் நிறுவனப் பணிகள் இவ்வகையைச் சேரும். 1960களில் கனடாவின் நிலவளங்களைக் கணினியில் பதிந்து ஆராயும் முறையை உருவாக்கிய ரோசர் டாம்லின்சன் ஒரு புவியியலாளர் ஆவார். அவரே புவியியல் தகவல் முறைமையின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். எனினும் இன்று இத்துறையில் நுழைய புவியியல் பட்டம் கட்டாயமன்று. கணினி அறிவியல், குடிசார் பொறியியல், நிலவியல் பட்டதாரிகளும் இதே பணிகளுக்குப் போட்டியிடுகின்றனர்.

இப்பணிகளுக்கு ஆர்க்சிஐஎசு, கட்டற்ற மென்பொருளான கியூசிஐஎசு முதலியவற்றில் பயிற்சியும், பைத்தான் போன்ற நிரல்மொழி அறிவும், தரவுத்தள அறிவும் எதிர்பார்க்கப்படுகின்றன. நுழைவுநிலைப் பணிகளுள் பல, படிமங்களிலிருந்து சாலை, கட்டடம் முதலியவற்றைக் கோடுகளாக வரைந்து எண்ணிமப்படுத்தும் பணியே ஆகும். இத்தகைய பணியைத் தாண்டி உயர்வதற்கு நிரல்மொழி அறிவும், ஒரு பயன்பாட்டுத் துறையைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் உதவுகின்றன.

இந்தியாவில் நிலப்படத் தரவுகளைத் திரட்டுவதற்கும் பயன்படுத்துவதற்கும் இருந்த கட்டுப்பாடுகள் 2021-ஆம் ஆண்டு பெப்ரவரியில் பெரிதும் தளர்த்தப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் தேசியப் புவிசார் கொள்கை வெளியிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுவாமித்வா திட்டத்தின்கீழ் ஆளில்லா வானூர்திகளைக் கொண்டு ஊர்களின் குடியிருப்புப் பகுதிகள் அளக்கப்படுகின்றன. இம்மாற்றங்கள் இத்துறைப் பணிகளின் மீதான மாணவர்களின் எதிர்பார்ப்பை உயர்த்தியுள்ளன.

4. மேற்படிப்பின் வழியாக அடையும் பணிகள்

நகர, ஊரகத் திட்டமிடல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. திட்டமிடலில் முதுகலைப் பட்டம் வழங்கும் நிறுவனங்கள் பலவற்றில் கட்டடக்கலை, பொறியியல் பட்டதாரிகளுடன் புவியியல் முதுகலைப் பட்டதாரிகளும் சேரலாம். பேரிடர் மேலாண்மை, சுற்றுச்சூழல் ஆய்வு, மக்கள்தொகையியல், வளர்ச்சி ஆய்வுகள், சுற்றுலா மேலாண்மை ஆகியவற்றிலும் புவியியல் பட்டதாரிகள் மேற்படிப்பைத் தொடர்கின்றனர். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட பின்னர், தேசிய அளவிலும் மாநில அளவிலும் அதற்கென ஆணையங்கள் ஏற்பட்டன. இடர் நிலப்படங்கள் தயாரித்தல் இவற்றின் பணிகளுக்குத் துணைசெய்கின்றது.

5. நெருங்கியவை போலத் தோன்றி, தகுதி அளிக்காத பணிகள்

சில பணிகள் பெயரளவிலும் பொருளளவிலும் புவியியலுக்கு நெருக்கமானவை. ஆயினும் அவற்றுக்குப் புவியியல் பட்டம் மட்டும் தகுதியாக ஏற்கப்படுவதில்லை. மாணவர்கள் இவற்றைப் பெரும்பாலும் பட்டம் பெற்ற பின்னரே அறிந்துகொள்கின்றனர்.

* இந்திய வனப்பணி: கால்நடை மருத்துவம், தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்ட பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் தேவை. இப்பட்டியலில் புவியியல் இல்லை.

* நிலவியலாளர் பணி: ஒன்றியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வில் இப்பணிக்கு நிலவியல் அல்லது அதனைச் சார்ந்த முதுகலைப் பட்டம் வேண்டும்.

* வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர்: இப்பணிக்கான 2022-ஆம் ஆண்டு அறிவிக்கையில் இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம், அல்லது கணினி, மின்னணுவியல் சார்ந்த தகுதிகளே கோரப்பட்டன. காலநிலையியலைப் பாடமாகக் கற்றிருத்தல் மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை.

* தமிழ்நாட்டில் நில அளவர், வரைவாளர்: இப்பணிகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் போன்ற தொழில்நுட்பத் தகுதிகளே கேட்கப்படுகின்றன.

பட்டத்தின் பெயர் தொடர்பான சிக்கல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் புவியியலுக்கு இளம் அறிவியல் பட்டம் வழங்கப்படுகின்றது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்துக்கு இளங்கலைப் பட்டம் வழங்கப்படுகின்றது. பாடத்திட்டங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாதபோதும், அறிவியல் பட்டம் எனப் பொதுவாகக் கோரும் அறிவிக்கைகளில் இவ்விருவரின் நிலையும் வேறாகின்றது. மறுபுறம், பாடங்களின் பெயரைப் பட்டியலிடும் அறிவிக்கைகளில் அறிவியல் பட்டம் பெற்ற புவியியல் மாணவரும் விலக்கப்படுகின்றார்.

இச்சிக்கலின் வேர் துறையின் இயல்பிலேயே உள்ளது. ஆறு ஒன்றின் ஓட்டத்தை அளப்பவர் அறிவியலாளராகவும், அவ்வாற்றங்கரையில் வாழும் மக்களின் இடப்பெயர்வை ஆராய்பவர் சமூக அறிவியலாளராகவும் கருதப்படுகின்றனர். புவியியல் மாணவர் இவ்விரண்டையும் கற்கின்றார். ஆனால் தகுதி விதிகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையே கருத்திற்கொண்டு எழுதப்படுகின்றன.

இலங்கையில்

இலங்கையில் புவியியல் க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவுப் பாடங்களுள் ஒன்றாகும். பாடசாலை மட்டத்தில் தமிழ், சிங்கள மொழிகளில் இப்பாடத்தைக் கற்கலாம். பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டில் பல பாடங்களைக் கற்ற பின்னர், தகுதி பெறுவோர் புவியியலைச் சிறப்புப் பட்டத்துக்குரிய பாடமாகத் தெரிவுசெய்வது வழமையாகும். 1974-ஆம் ஆண்டில் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை உள்ளது. புவியியல் பேராசிரியரான பொ. பாலசுந்தரம்பிள்ளை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர் ஆவார்.

இலங்கை மாணவர்களின் தொழில் நோக்கங்களுள் ஆசிரியப் பணி, நிருவாக சேவை, திட்டமிடல் சேவை, அனர்த்த முகாமைத்துவம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின் பின்னர் 2005-ஆம் ஆண்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தின்படி 14 வயது வரை புவியியல் கட்டாயப் பாடமாகும். பல்கலைக்கழக நுழைவுக்கு முந்திய உயர்நிலைப் படிப்பில் குறைந்தது நான்கு நாள் களப்பணி வலியுறுத்தப்படுகின்றது. மாணவர் தாமே மேற்கொள்ளும் ஆய்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு உண்டு. அந்நாட்டின் முன்னாள் தலைமை அமைச்சர் தெரசா மே ஆக்சுபோர்டில் புவியியல் பயின்றவர். இளவரசர் வில்லியம், புனித ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் சேர்ந்து, பின்னர் புவியியலுக்கு மாறி, 2005-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஐக்கிய அமெரிக்காவில் இத்துறை வேறு விதமான வரலாற்றைக் கொண்டது. ஆர்வர்டு பல்கலைக்கழகம் 1948-ஆம் ஆண்டில் தன் புவியியல் படிப்பைக் கைவிட்டது. புவியியலுக்கெனத் தனி எல்லை உண்டா, அது உண்மையான அறிவியலா என்ற ஐயங்கள் அப்போது எழுப்பப்பட்டன. இந்தியாவில் பட்டத்தின் பெயர் தொடர்பாக எழும் சிக்கலோடு இது ஒப்பிடத்தக்கது. பின்னாளில் பள்ளி மாணவர்களுக்கென மானிடப் புவியியல் மேல்நிலைத் தேர்வு தொடங்கப்பட்டு, 2001-ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தப்பட்டது. கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கேல் சார்டன், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புவியியலில் பட்டம் பெற்றவர் ஆவார்.

தமிழ்வழிக் கல்வியும் கலைச்சொற்களும்

தமிழில் புவியியல் கற்கும் மாணவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் கலைச்சொல் வேறுபாடும் ஒன்றாகும். தமிழ்நாட்டில் தலப்படம் எனப்படுவது இலங்கையில் இடவிளக்கப்படம் எனப்படுகின்றது. நிலவியல், புவிச்சரிதவியல் என்பனவும், பேரிடர் மேலாண்மை, அனர்த்த முகாமைத்துவம் என்பனவும் இத்தகைய இணைகளே. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தொலையுணர்வு, தொலை நுண்ணுணர்வு என ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வழங்குகின்றன.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர், கல்லூரியில் ஆங்கில நூல்களையும், பின்னர் ஆங்கிலத்தில் மட்டுமே அமைந்த மென்பொருள்களையும் பயன்படுத்த வேண்டியுள்ளது. இருமொழிக் கலைச்சொற்களையும் இணையாக அறிந்திருத்தல் இவர்களுக்கு உதவும். மறுபுறம், ஊர் மக்களிடம் களப்பணி செய்யும்போது ஏரி, குளம், கண்மாய், ஊருணி, புறம்போக்கு, நஞ்சை, புஞ்சை முதலிய சொற்களின் நுண்ணிய வேறுபாடுகளை அறிந்த தமிழ் மாணவர், வேறு எவரும் எளிதில் பெறமுடியாத செய்திகளைத் திரட்ட இயலும்.

மாணவர்கள் கருதத்தக்கவை

புவியியலைத் தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர்கள் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

* சேர விரும்பும் கல்லூரி வழங்குவது கலைப் பட்டமா, அறிவியல் பட்டமா என்பதை முன்னரே அறிதல்.
* விரும்பும் பணியின் அண்மைய அறிவிக்கையைப் படித்து, அதன் கல்வித் தகுதியில் புவியியல் இடம்பெறுகின்றதா என்பதைப் பார்த்தல். இதனைப் பட்டம் பெற்ற பின்னர் செய்வதைவிட, சேர்வதற்கு முன்னர் செய்தல் நன்று.
* இளங்கலைக் காலத்திலேயே கட்டற்ற மென்பொருள் ஒன்றிலும் அடிப்படைப் புள்ளியியலிலும் பயிற்சி பெறுதல்.
* குடிமைப்பணித் தேர்வை மட்டும் நோக்கமாகக் கொண்டவர், அதில் வெற்றி கிட்டாத நிலையில் மேற்கொள்ளக்கூடிய இரண்டாவது வழியையும் படிக்கும் காலத்திலேயே வகுத்துக்கொள்ளுதல்.
* களப்பணி அறிக்கைகளையும் தாம் வரைந்த நிலப்படங்களையும் பாதுகாத்தல். நேர்முகத் தேர்வுகளில் இவை மாணவரின் திறனை நேரடியாகக் காட்டும் சான்றுகளாகும்.

இவற்றையும் பார்க்க

* புவியியல்
* மானிடப் புவியியல்
* இயற்கைப் புவியியல்
* நிலப்படவியல்
* புவியியல் தகவல் முறைமை
* தொலையுணர்வு
* இந்திய நில அளவைத் துறை